தேனீப் பெட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

வாசகர் கேள்வி: மழைக்காட்டின் விளிம்பில் பணிபுரியும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. காவலர்களை நியமித்தோம், விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினோம். ஆயினும் மரம் வெட்டுவது நிற்கவில்லை, அக்கம்பக்கத்து ஊர்மக்களுக்கும் எங்களுக்கும் இடையே கசப்பு வளர்ந்ததுதான் மிச்சம். இனி அவர்களுக்குத் தேனீப் பெட்டிகள் வழங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெட்டிகளை இப்போது வாங்காதீர்கள். வெட்டப்படும் ஒவ்வொரு மரத்தின் பணமும் யாரோ ஒருவருடைய எந்தச் செலவுக்குப் போகிறது என்பதை நீங்கள் இன்னும் அறியவில்லை; அதை அறியாமல் கொடுக்கும் எந்த உதவியும், எவ்வளவு நல்லெண்ணத்துடன் கொடுத்தாலும், வெட்டுவதை நிறுத்தாது.

இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில், குனுங் பாலுங் தேசியப் பூங்காவை ஒட்டி நடந்த பணி இதற்குச் சிறந்த சான்று. மருத்துவர் கினாரி வெப்பும் அவருடைய உள்ளூர்த் தோழர்களும் எந்தத் திட்டத்தையும் முன்வைக்காமல் ஊர் ஊராக அமர்ந்து, காட்டைக் காக்க உங்களுக்கு என்ன தேவை என்று பல நூறு மணி நேரம் கேட்டார்கள். மருத்துவச் செலவுக்காகவே பலர் மரம் வெட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அதன் விளைவாக, 2007-இல் அங்கே தொடங்கிய மருத்துவமனை, கட்டணத்தை மரக்கன்றுகளாகவும் எருவாகவும் கைவினைப் பொருட்களாகவும் உடலுழைப்பாகவும் பெற்றுக்கொண்டது. வெட்டுவதைக் குறைத்த ஊர்களுக்குக் கட்டணத்தில் கூடுதல் சலுகை அளித்தது. பத்து ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, ஒப்பிடத்தக்க பிற பூங்காக்களின் போக்கை வைத்து எதிர்பார்க்கப்பட்டதைவிடக் காடழிப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கண்டது. உடனே நீங்களும் மருத்துவமனை கட்ட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. உங்கள் பகுதியில் அந்தச் செலவு பள்ளிக் கட்டணமாக இருக்கலாம், விளைச்சல் பொய்த்த மாதங்களின் அரிசிக் கடனாக இருக்கலாம், மர வியாபாரி முன்பணமாகக் கொடுத்துவிட்ட தொகையாகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்களைக் கேட்பதற்கே ஒதுக்குங்கள். காவலரையோ சீருடையணிந்த எவரையோ அந்தக் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். அங்கே சொல்லப்படுவது எதுவும் வழக்காக மாறாது என்று வாக்குக் கொடுத்து, அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். பெண்களிடமும் நிலமில்லாதவர்களிடமும் தனித்தனியே பேசுங்கள், ஏனெனில் பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர்கள் பெரும்பாலும் காட்டை மிகக் குறைவாகச் சார்ந்திருப்பவர்கள். உகாண்டாவின் புவிண்டியில் 1991-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, காட்டையே வீடாகக் கொண்டிருந்த பட்வா மக்கள் நிலமின்றி வெளியேற்றப்பட்டார்கள்; பின்னாளில் பூங்காவின் வருவாயை அண்டை ஊர்களுடன் பகிரத் தொடங்கியபோதும், மிகுதியாக இழந்த அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைத்தது. இது எனக்கு இன்றும் வேதனை தரும் செய்தி.

இன்னொன்றையும் கேட்டறியுங்கள்: ரம்பம் யாருடையது, மரத்தை ஏற்றிச் செல்லும் வண்டி யாருடையது? வெட்டும் கை ஊராருடையதாக இருந்தாலும் லாபம் தொலைவில் இருப்பவரைச் சேர்வது வழக்கம். அத்தகைய இடங்களில் கூலிக்காரரைப் பிடிப்பதால் எதுவும் மாறாது. வியாபாரியைத் தடுப்பது அரசின் கடமை, அதற்கு ஊராரும் நீங்களும் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்குத் தனி வலு உண்டு.

கேட்டு முடித்தபின் ஒப்பந்தம். புவிண்டியில் பூங்கா அறிவிப்புக்குப் பின் எழுந்த பகைமை, குறிப்பிட்ட பகுதிகளில் தேனீ வளர்க்கவும் மூலிகையும் கூடை முடையும் கொடிகளும் சேகரிக்கவும் அனுமதித்த பிறகே தணியத் தொடங்கியது. குவாத்தமாலாவின் மாயா உயிர்க்கோளக் காப்பகத்தில் இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு இருக்கிறது: ஊர்க் கூட்டமைப்புகளுக்கு 25 ஆண்டு உரிமம் வழங்கி, அளவாக மரம் வெட்டவும் ஷாத்தே என்னும் பனையின் இலைகளைச் சேகரிக்கவும் அனுமதித்தார்கள். உரிமம் நன்கு நடைபெறும் பகுதிகளில் காடு ஏறக்குறைய முழுமையாக நிற்க, எவரும் நுழையக் கூடாது என்று சட்டம் சொன்ன சில மையப் பூங்காக்கள் கால்நடைப் பண்ணைகளுக்காகப் பெருமளவில் அழிந்தன. தன் பிள்ளைக்கும் பயன்படும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் காட்டுக்குக் காவல் நிற்பார். சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறதோ, அந்த அளவுக்கு உரிமையை எழுத்தில் பெற்றுத் தர முயலுங்கள்.

ஒப்பந்தம் நிற்க வேண்டுமானால் கண்காணிப்பும் ஊராரின் கையில் இருக்க வேண்டும். பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், நீடித்து நின்ற ஏற்பாடுகளில் சில பொதுக்கூறுகளைக் கண்டார்: தெளிவான எல்லை, பயன்படுத்துவோரே வகுத்த விதி, அவர்களுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர், முதல் தவறுக்குச் சிறிதாகவும் அடுத்தடுத்த தவறுகளுக்குப் பெரிதாகவும் அமையும் தண்டனை. உங்கள் அளவில் இதைச் செய்ய எளிய வழி, மாதம் ஒருமுறை ஊர் இளைஞர்களும் உங்கள் காவலரும் ஒரே தடத்தில் நடந்து புதிய அடிக்கட்டைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை ஊரின் நடுவே பலகையில் எழுதுவது. உங்கள் உதவியை அந்த எண்ணுடன் இணையுங்கள். ஆனால் நோயாளிக்கான உதவியையோ குழந்தைக்கான உணவையோ ஒருபோதும் முழுமையாக நிறுத்தாதீர்கள்.

விலங்குகளால் நேரும் பயிர்ச்சேதத்தை மறந்துவிடாதீர்கள். இழப்பீடு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் காட்டின் மீதான வெறுப்பைக் கூட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஊராரே தேனீ வளர்ப்பைக் கேட்டால் தயங்காமல் தொடங்கலாம். அப்போதும் ஏற்கெனவே தேன் எடுக்கப் பழகிய ஐந்தாறு குடும்பங்களுக்கு மட்டும் முதலில் கொடுங்கள். தேனை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவார் என்பதை முடிவுசெய்த பின்னரே மற்றவர்களுக்கான பெட்டிகளுக்குப் பணம் கட்டுங்கள்.