வியூஃபைண்டரில் ஓடும் பட்டைகள்: கமராவின் குறையா, விளக்கின் குறையா?

கேள்வி: திருமண வீடுகளில் படம் எடுப்பதற்காக, யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் பாவித்த சோனி மிரர்லெஸ் கமரா ஒன்றைப் பார்த்தேன். கனடாவில் இருந்து வந்தது என்றார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையான வியூஃபைண்டருக்குள் மங்கலான பட்டைகள் ஓடின. "இதன் திரை செக்கனுக்கு 60 தடவைதான் புதுப்பிக்கும், 120 உள்ளதை எடுங்கள்" என்று கடைக்காரர் விலை கூடிய இன்னொன்றைக் காட்டுகிறார். எடுக்கலாமா? (வாசகர், கொக்குவில்)

பதில்: அவசரப்பட்டுக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் கண்டது பெரும்பாலும் கடை விளக்கின் துடிப்பாகவே இருக்கும்.

இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டம் இருமுறை பூச்சியத்தைத் தொடுவதால், பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ்கள் பலவும் செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. நம் கண் இதை உணர்வதில்லை. ஆனால் காட்சியை வரி வரியாக வாசிக்கும் கமராவின் உணரி, சில வரிகளை விளக்கு பிரகாசிக்கும் கணத்திலும் அடுத்த சில வரிகளை அது மங்கும் கணத்திலும் வாசிப்பதால், வெளிச்சமும் இருளும் மாறி மாறிப் பட்டைகளாகத் தெரிகின்றன. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வரும் கமரா, 60 ஹேர்ட்ஸுக்குப் பொருந்தும் காணொளி முறையான என்.ரி.எஸ்.சி. அமைப்பிலேயே இருக்கக்கூடும். சோனி கமராக்கள் பலவற்றில் அந்த அமைப்பு வியூஃபைண்டரை 60 அல்லது 120 வேகத்திலும், 50 ஹேர்ட்ஸுக்குப் பொருந்தும் பி.ஏ.எல். அமைப்பு 50 அல்லது 100 வேகத்திலும் இயக்குகிறது. ஆகவே 120 உள்ள கமராவை வாங்கினாலும் அதே விளக்கின் கீழ் அதே பட்டைகள் வரலாம்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கமராவை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் தெருவைப் பாருங்கள். அங்கே பட்டைகள் மறைந்தால் கமராவில் குறை இல்லை; வெயிலிலும் ஓடினால் எவ்வளவு விலை குறைத்தாலும் அதை எடுக்காதீர்கள். பிறகு உள்ளே வந்து, பி.ஏ.எல். அமைப்புக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை, அதாவது உணரி ஒளியைப் பெறும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்புகளின் ஒளி சமமாகக் கிடைப்பதால் பட்டைகள் அடங்கிவிடும்.

அப்படியானால் 120 எதற்கு? துரையப்பா விளையாட்டரங்கில் ஓடும் வீரரைத் தொடர்ந்து கமராவைத் திருப்புகிறவருக்கு அது மிகவும் உதவும், ஏனெனில் அசைவு இழுபடாமல் தெரியும். ஆனால் வேகத்தைக் கூட்டும்போது பல கமராக்களில் வியூஃபைண்டர் படத்தின் கூர்மை குறைகிறது, பற்றரியும் விரைவாகத் தீர்கிறது. தாலி கட்டும் வேளைக்கு 60 தாராளமாகப் போதும்.

மிஞ்சும் பணத்தை வைத்திருந்து, ஒளிர்வுத் துடிப்பைக் கண்டறிந்து விளக்கு தெளியும் கணத்தில் படம் எடுக்கும் வசதி அந்தக் கமராவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மண்டபத்துக்குள் 1/100ஐ விட வேகமான ஷட்டரில் எடுக்கும்போது படத்தைக் காப்பாற்றுவது அதுதான். மணவறையை அலங்கரிக்கும் நிற எல்.ஈ.டி. விளக்குகள் சில வேறு வேகங்களில் துடிப்பவை. அவற்றின் கீழ் இந்த வசதியும் கைகொடுக்காமல் போகலாம் என்பதால், சடங்கு தொடங்கும் முன் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, ஷட்டர் வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.