மிரர் சர்வர் சந்தேகங்கள்: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

வேலூர் சுற்றுவட்டாரத்தில் கல்லூரி லேப், சின்ன அலுவலகம் என்று மென்பொருள் மிரர் (மூல சர்வரில் இருப்பதை அப்படியே பிரதியெடுத்து வைக்கும் சர்வர்) நடத்துபவர்கள் கேட்டவை இவை.

காட்பாடி: அண்ணா, எங்க லேப்ல டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) மிரர் இருக்கு. பசங்க அப்டேட் போட்டா சில நேரம் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்'னு வருது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது. ஏன்?

தானாகச் சரியாகிறது என்றால் சிங்க், அதாவது மேல் சர்வரிலிருந்து (நீங்கள் பிரதியெடுக்கும் மூல சர்வர்) புதியதை இழுப்பது, நடுவில் இருக்கும்போது பசங்க உள்ளே வந்திருக்கிறார்கள். பட்டியல்களின் ஹாஷ் (சரிபார்ப்பு எண்) இருக்கும் கையெழுத்திட்ட இன்ரிலீஸ் கோப்பு புதுசு, அது சுட்டும் பேக்கேஜஸ் பட்டியல் இன்னும் பழசு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆர்சிங்க்கில் (கோப்புகளைப் பிரதியெடுக்கும் கருவி) இழுப்பதால் வரும் வினை இது. முதலில் பூல் டைரக்டரியில் புது பேக்கேஜ்கள் வரட்டும். அப்புறம் பட்டியல்கள். பழையதை அழிப்பது கடைசியில்தான். இந்த வரிசை மாறினால், பட்டியலில் பெயர் இருக்கும், பேக்கேஜைக் கேட்டால் 'கோப்பு இல்லை' என்ற 404 பிழை வரும். டெபியன் தரும் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது. சொந்த ஸ்கிரிப்ட் எழுதும் ஆசையை வேறு எங்காவது தீர்த்துக்கொள்ளலாம்.

குடியாத்தம்: அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சிங்க் தானா ஓடற மாதிரி கிரான் போட்டிருக்கேன் சார். சர்வர் திணறுது.

திணறாமல் என்ன செய்யும்? டெபியன் காப்பகமே வழக்கமாக நாளுக்கு 4 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். சரியாக மணி அடிக்கும் நேரத்தில் வைக்காதீர்கள், ஊரே அப்போதுதான் மேல் சர்வரை மொய்க்கும். மணி கழிந்து 17, 43 போல ஏதாவது ஒரு நிமிடத்தில் வையுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி ஃப்ளாக் கட்டளையால் பூட்டுப் போடுங்கள்.

ஆம்பூர்: சிங்க் நடுவுல கரண்ட் போனா கோப்பு பாதியில நிக்குமா?

ஆர்சிங்க் புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசாக வந்த பிறகே பெயரை மாற்றும். அதனால் பெரும்பாலும் பழைய கோப்பு அப்படியே இருக்கும். பழைய கோப்பின் மேலேயே எழுதும் 'இன்பிளேஸ்' போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. யுபிஎஸ் வாங்குங்கள், அது வேறு விஷயம்.

ராணிப்பேட்டை: ஆர்சிங்க் முடியும்போது எக்ஸிட் கோடு 24 வருது.

பட்டியல் எடுத்த பிறகு மேல் சர்வரில் சில கோப்புகள் மறைந்துவிட்டன. அடுத்த சுற்றில் சரியாகும். 23 வந்தால்தான் லாகைத் திறந்து பாருங்கள். அனுமதிச் சிக்கலோ வேறு ஏதோ பிழையோ இருக்கும்.

ஆரணி: எங்க கோடு முழுக்க கிட்ல (கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கு, அதை 'கிட் குளோன் மிரர்' போட்டு இன்னொரு சர்வர்ல வெச்சிருக்கேன். தனியா பேக்கப் வேணுமா அண்ணா?

கண்டிப்பாக வேண்டும் தம்பி. 2013 மார்ச்சில் கேடிஇ என்ற திறமூல மென்பொருள் திட்டத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய முதன்மை கிட் சர்வரில் கோப்பு முறைமை சிதைந்தது. ரெப்போக்களின் (கோடு களஞ்சியங்களின்) பட்டியலும் கெட்டது. மிரர்கள் அந்தப் பட்டியலை நம்பி, "இந்த ரெப்போக்கள் இல்லை போலிருக்கிறது" என்று தங்கள் பிரதிகளையும் அழித்துவிட்டன. சுமார் 1,500 ரெப்போக்கள். அந்த அழிப்பிலிருந்து தப்பிய ஒரே ஒரு சர்வரிலிருந்துதான் மீட்டார்கள்.

மிரர் சொன்னபடி கேட்கும் பிள்ளை. தப்பாகச் சொன்னாலும் கேட்கும். யாரோ ஃபோர்ஸ் புஷ் செய்து பழைய வரலாற்றை மாற்றி எழுதினால், அடுத்த அப்டேட்டில் உங்கள் கிளையும் அப்படியே மாறிவிடும். ஆகவே சிங்க்குக்குத் தொடர்பில்லாத வட்டில், தேதி போட்ட ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) வையுங்கள். ரெப்போ பழுதாகவில்லையா என்று பார்க்க அவ்வப்போது 'கிட் எஃப்எஸ்சிகே' ஓட்டுங்கள். ஆர்சிங்க் என்றால் ஒரே ஓட்டத்தில் அழிக்கும் கோப்புகளுக்கு 'மேக்ஸ் டெலீட்' வரம்பு வையுங்கள். லினக்ஸ் கெர்னல் ரெப்போக்களுக்கான குரோக்மிரர் என்ற மிரர் கருவியிலும், அளவுக்கு மீறி அழிக்கச் சொன்னால் மறுத்து நிற்கும் அமைப்பு உண்டு.

ஆற்காடு: கிரான் ஓடுது, மெயில்ல பிழையும் இல்ல. இது போதும்தானே?

போதாது. மேல் சர்வரே நின்றுபோயிருந்தால் உங்கள் ஆர்சிங்க் வெற்றிகரமாகப் பழசையே திரும்பத் திரும்ப ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். டெபியன் மிரரில் 'ப்ராஜெக்ட்/ட்ரேஸ்' டைரக்டரியில் நேரமுத்திரைக் கோப்புகள் இருக்கும். அதில் முதன்மைக் காப்பகத்தின் நேரத்தை வேறொரு கணினியிலிருந்து, பசங்க வரும் அதே ஹெச்டிடிபி வழியாக எடுத்துப் பாருங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் பழசாக இருந்தால் உங்கள் ஃபோனுக்குச் செய்தி வரட்டும். வட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிடுங்கள். இடம் தீர்ந்தாலும் மிரர் நின்றுபோகும்.