மூன்றாம் பிரிவும் செலவுக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

1638 கண்டி–ஒல்லாந்தர் உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவில் 'மன்னர் விரும்பினால்' என்ற சொற்களை ஒல்லாந்தர் தங்கள் பிரதியில் விட்டுவிட்டார்கள், அந்த மோசடியால்தான் இரண்டாம் இராஜசிங்கன் கோட்டைகளை இழந்தான் என்று பள்ளியில் படித்தோம். அது சரிதானா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

சொற்கள் விடுபட்டது உண்மைதான். போர்த்துக்கேயரின் மட்டக்களப்புக் கோட்டை விழுந்து ஐந்தாம் நாள், மே 23 அன்று, ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் அங்கேயே ஒப்பமிட்டார். பிடிபடும் கோட்டைகளில் மன்னர் விரும்பினால் ஒல்லாந்தர் காவல் இருக்கலாம் என்றது போர்த்துக்கேய மொழிப் பிரதி. ஒல்லாந்தப் பிரதியில் அந்த நிபந்தனை இல்லை.

ஆனால் திருகோணமலையை 1640இலும் மட்டக்களப்பை 1643இலும் மன்னரிடம் திருப்பிக் கொடுத்தார்களே! உடன்படிக்கை ஒன்றுதான், விடுபட்ட சொற்களும் அவைதான். கிழக்குக் கரையில் கறுவா (இலவங்கப்பட்டை) இல்லை, அவ்வளவுதான். 1640இல் பிடித்த காலியையும் நீர்கொழும்பையும் மன்னரிடம் விடவில்லை, ஏனென்றால் கறுவா நிலங்கள் அந்தப் பக்கம்.

அந்தக் கோட்டைகளைப் பிடித்துவைக்க ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கைகொடுத்தது அதே உடன்படிக்கையின் செலவுப் பிரிவு. போர்த்துக்கேயரை விரட்ட ஆகும் கப்பல், படைச் செலவை மன்னர் கறுவா, மிளகு, மெழுகு எனச் சரக்காகத் தீர்க்க வேண்டும். இவ்வளவுதான் என்று வரம்பு கிடையாது. கணக்கெழுதுவதும் கம்பனிதான். கோட்டையில் காவற்படை இருக்கும் காலமெல்லாம் அதன் செலவும் மன்னர் கடனில் ஏறும். கடன் தீரும்வரை கோட்டை எங்களிடம் ஈடு என்றார்கள். கடனைத் தீர்க்க வேண்டிய கறுவா விளையும் மண்ணும் அவர்கள் கையில்தான். ஒற்றிக்கு எடுத்தவன் விளைச்சலையும் அள்ளிக்கொண்டு, வேலி அடைத்த கூலியையும் கடனில் சேர்த்தால் நிலம் எப்போது மீளும்?

இராஜசிங்கனை ஏமாளி என்றும் நான் சொல்லமாட்டேன். 1636இல் பழவேற்காட்டு ஒல்லாந்தருக்கு எழுதிய கடிதத்திலேயே செலவைத் தருவதாகவும், கிழக்குக் கரையில் கொட்டியாரத்திலோ மட்டக்களப்பிலோ கோட்டை கட்ட இடம் தருவதாகவும் அவரே முன்வந்திருந்தார். கறுவா விளையாத கரையைக் காட்டியதில் கணக்கு இருந்தது. செலவுக்கு எல்லை போடாததில்தான் அந்தக் கணக்குத் தவறியது.

1656 மே 12இல் கொழும்பு சரணடைந்தபோது நிபந்தனைகளைப் பேசி முடித்தவர்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மட்டுமே. முற்றுகைக்குத் துணைநின்ற மன்னரைக் கலக்கவே இல்லை. மூன்றாம் பிரிவில் அந்தச் சொற்கள் இருந்திருந்தாலும், 'முதலில் பாக்கியைத் தீருங்கள்' என்ற பதில் அவர்களிடம் தயாராக இருந்தது.