கதவு மூடவில்லையா? காந்தத்தைத் திட்டாதீர்கள்

வீட்டுப் பழுது பற்றி நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறோம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அலமாரிக் கதவைப் பற்றியே இருந்ததால் குழாய், பெயின்ட் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது.

கேள்வி: சமையலறை மேல் அலமாரியின் கதவு மூடினாலும் ஒரு விரல் அளவு திறந்தே நிற்கிறது. கதவை இழுத்துப் பிடிக்கும் காந்தக் கொக்கி, அதாவது மேக்னட் கேட்ச், பழசாகி வலு போயிருக்கும் என்று வீட்டுக்காரர் இன்னும் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் பிடிக்கவில்லை. இதைவிடப் பெரியது கிடைக்குமா? — வாசகி, ஈசூன்

கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள் அம்மா. கேட்சுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புக் காந்தம் ஃபெரைட் என்ற வகை. அதற்கு அவ்வளவு சீக்கிரம் வயதாகாது, அலமாரியே உளுத்துப் போனாலும் அது அப்படியே இருக்கும். கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. அலமாரியில் இருக்கும் காந்தமும் கதவில் இருக்கும் இரும்புத் தகடும் முழுசாக ஒட்டினால்தான் பெட்டியில் போட்டிருக்கும் நாலு கிலோ, ஆறு கிலோ பலமெல்லாம். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே அதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அந்த இடைவெளியை விட்டுவிட்டு எவ்வளவு பெரிய காந்தம் போட்டாலும் காசுதான் வீண்.

முதலில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி, காகிதத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வந்துவிட்டால் இரண்டும் ஒட்டவே இல்லை. இழுக்கும்போது ஒரு ஓரத்தில் மட்டும் மாட்டினால் தகடு சாய்ந்து ஒரு மூலையில்தான் தொடுகிறது. உங்கள் வீட்டில் அநேகமாகக் கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஆடினால் கீல்தான். உள்ளே மறைந்திருக்கும் கிண்ணக் கீலாக இருந்தால் அதன் கையில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். முன்னால் இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது முன்னும் பின்னுமாக நகர்த்தும். கால் திருப்பு திருப்பிவிட்டு மூடிப் பாருங்கள், மறுபடியும் கால் திருப்பு. அவசரப்பட்டு நாலு சுற்றுச் சுற்றினால் பக்கத்துக் கதவோடு இடிக்கும்.

கீல் சரியாக இருந்தும் இடைவெளி இருக்கிறதா? அப்படியானால் கேட்சைப் பாருங்கள். அதில் ஸ்க்ரூ போகும் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும், காரணமாகத்தான். ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி, கேட்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கதவை மூடி அழுத்தினால் அது தானாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கும். கதவைத் திறந்து, அது அசையாமல் முடுக்கிவிடுங்கள். ரொம்ப முன்னால் வந்துவிட்டால் கதவு கேட்சில் முட்டிக்கொண்டு, சட்டத்தைத் தொடாமல் நின்றுவிடும். அதுவும் வேண்டாம்.

இடமும் முக்கியம். கேட்ச் எப்போதும் கீலுக்கு எதிர்ப்புறம், கைப்பிடி இருக்கும் பக்கத்து ஓரத்தில் இருக்க வேண்டும். நாலு கிலோ கேட்சைக் கதவின் நடுவில் மாட்டினால் கைப்பிடியில் இரண்டு கிலோ இழுப்புக்கே திறந்துகொள்ளும். அலமாரித் தட்டின் அடியில் வசதியாக இடம் இருந்தது என்று நடுவில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டுக்காரரிடம் எங்கே மாட்டினார் என்று கேட்டுப் பாருங்கள், சண்டை வேண்டாம்.

தகட்டுக்கு இடம் குறிப்பது எல்லாருக்கும் தகராறு. அளவுகோல் தேவையில்லை. கேட்சை முதலில் மாட்டிவிட்டு, தகட்டை அதன் மேல் ஒட்டவிடுங்கள், காந்தமே பிடித்துக்கொள்ளும். தகட்டின் வெளிப்பக்கம் துளி குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, கதவை மூடி ஒரு அழுத்து. கதவில் சிவப்பாக விழுந்த அடையாளம்தான் தகட்டின் இடம். லேமினேட் கதவு என்றால் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். பூச்சில்லாத மரமாக இருந்தால் கறை பிடிக்கும், குங்குமத்துக்குப் பதில் பென்சில் கரி போதும். துளை 2 மில்லிமீட்டர் பிட்டில், ஸ்க்ரூவின் நீளத்தைவிடக் குறைவாக. கதவு 18 மில்லிமீட்டர்தான் இருக்கும், பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் மறுபக்க லேமினேட்டில் பொத்தல் விழும். டிரில் இல்லையென்றால் மெல்லிய ஆணியை அடித்துப் பிடுங்கினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிரில் எடுக்காதீர்கள். ஞாயிறும் பொது விடுமுறையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் புதுப்பிப்பு வேலைக்கு ஆகாது, மேல்மாடிக்காரர் கோபமும் சேரும்.

கேள்வி: வாசல் பக்கம் காலணி அலமாரி செய்கிறோம், கதவு இரண்டு மீட்டர் உயரம். எத்தனை கிலோ கேட்ச் வாங்க வேண்டும்? நியோடிமியம் காந்தம்தான் நல்லது என்கிறார்களே? — வாசகர், தெம்பனிஸ்

சின்னக் கதவுக்கு இரண்டு மூன்று கிலோ, சாதாரண சமையலறைக் கதவுக்கு நாலு முதல் ஆறு கிலோ. உங்கள் கதவுக்கு ஒரே பெரிய கேட்சைவிட, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு நாலு கிலோ கேட்ச் நல்லது. நம்ம சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். உயரமான பலகை வருஷம் போகப் போகக் கொஞ்சம் வளையும், ஒரு கேட்ச் மட்டும் இருந்தால் மறுமுனை வெளியே எட்டிப் பார்க்கும். பிடி அதிகமானால் வேறு தொல்லை. வீட்டில் பாட்டி திறக்க முடியாமல் பலமாக இழுத்து, அலமாரியே முன்னால் சாயும். சுவரோடு பிணைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

நியோடிமியம் அளவில் சின்னது, பிடி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அது எளிதில் உடையும்; மேலே இருக்கும் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் ஈரத்தில் துருப்பிடித்து உதிர ஆரம்பிக்கும். சமையலறைக்கும் குளியலறைக்கும் எனக்கு ஃபெரைட்தான், அது துருப்பிடிக்காது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், துளையில் அழுத்திப் பொருத்தும் அந்தப் பொத்தான் மாதிரிக் காந்தங்களை எட்டும் உயரத்தில் வைக்கவே வேண்டாம். கழன்று விழுந்த இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சுவரையே நசுக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

கேள்வி: தகடு துருப்பிடிக்கிறது என்று துருப்பிடிக்காத எஃகுத் தகடு வாங்கினேன். காந்தம் ஒட்டவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? — வாசகி, உட்லண்ட்ஸ்

இல்லை. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகைக் காந்தம் கிட்டத்தட்டப் பிடிக்காது. 430 ரகத்தைப் பிடிக்கும். கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், ஜாலான் புசாரோ பேட்டைக் கடையோ எதுவானாலும் நின்ற இடத்திலேயே ஒட்டிப் பார்த்து வாங்கலாம்.

கேள்வி: கைப்பிடி இல்லாமல் அழுத்தினால் திறக்கும் கதவு வைக்க ஆசை. கீல் ஏற்கெனவே மெதுவாக மூடும் வகை. அதிலேயே அந்த கேட்சை மாட்டலாமா? — வாசகர், செங்காங்

மாட்டலாம், வேலை செய்யாது. அழுத்தித் திறக்கும் கேட்ச் கதவை வெளியே தள்ளும், உங்கள் கீல் உள்ளே இழுக்கும். ஸ்பிரிங் இல்லாத கீல் வாங்க வேண்டும். அதோடு கதவை உள்ளே அழுத்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடமும் விட வேண்டும். மெதுவாக மூடும் கீல்தான் பிடித்திருக்கிறது என்றால் கைப்பிடியோடு இருங்கள், அந்தக் கீலே கதவை மூடி வைத்துக்கொள்ளும், காந்தமே தேவையில்லை. எண்ணெய்க் கையோடு அழுத்தி அழுத்திக் கதவு முழுக்க விரல் அடையாளம் விழுவது வேறு. எனக்கு அந்த வகை சமையலறைக்குப் பிடிக்காது.

கேள்வி: சாமி அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போடப் போகிறேன். எனக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது. காந்தம் வைக்கலாமா? — 70 வயது வாசகர், பிடோக்

ஐயா, காந்தத்தைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வார்கள். அலமாரியில் மாட்டிய சின்ன ஃபெரைட் கேட்சுக்கு முன்னால் நின்று கும்பிடுவதில் அந்தத் தூரம் தானாகவே இருக்கும். மாட்டும்போதுதான் கவனம்: காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத் திருகவும் வேண்டாம், பேரப்பிள்ளையை மாட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கருவியைப் பரிசோதிக்கும் மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கருவிக்குக் கருவி வித்தியாசம் உண்டு.

கண்ணாடிக்குத் துளை வேண்டாம். பதப்படுத்திய கண்ணாடியில் துளை போட்டால் முழுவதும் நொறுங்கிவிடும். விளிம்பில் கவ்வும் தகடு கிடைக்கிறது, உள்ளே ரப்பர் வைத்து, சின்ன ஸ்க்ரூவால் இறுக்குவது. வாங்குமுன் கண்ணாடியின் தடிமன் 5 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்று அளந்துகொள்ளுங்கள். ரப்பர் இல்லாமல் இறுக்காதீர்கள். அப்புறம், கேட்சை அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் விளக்குச் சூட்டில் அதன் பிளாஸ்டிக் உறை இளகும், புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் காந்தத்தில் படிந்து, முதல் கடிதத்தில் சொன்ன அந்த இடைவெளியை உண்டாக்கிவிடும். வெள்ளிக்கிழமை விளக்குத் துடைக்கும்போது தகட்டையும் ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும். விளக்கு எரியும்போது கதவைத் திறந்தே வைத்திருங்கள்.