அந்தக் கொஞ்ச ஆடுகளை யாரிடம் விட்டாய்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 23. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிராமத்துக் கோயிலில் (சர்ச்) போன மாதம் என்னை வாலிபர் ஐக்கியச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை. இதுவரை நான் செய்ததெல்லாம் ஆராதனைக்கு முன்னால் பாய் விரிப்பது, மைக் செட்டுக்கு வயர் இழுப்பது, அசனப் பண்டிகைப் பொதுச் சாப்பாட்டில் அண்டா கழுவுவது, அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெயர் அறிவித்ததும் என் பெரியப்பா மகனே, "அப்போ இனிமே வயர் யாரு இழுப்பா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரோ, தாழ்மையுள்ள பிள்ளைகளைத்தான் ஆண்டவர் தலைவர்களாக ஆயத்தப்படுத்துவார் என்கிறார். எப்படி ஆயத்தப்படுத்துவார் அக்கா? எனக்குள் ஒன்றும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை. பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: தம்பி, உன் பெரியப்பா மகன் கேட்ட கேள்வி புதுசு இல்லை. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் ஏலா பள்ளத்தாக்குப் போர்க்களத்தில், ஆடு மேய்க்கிற பையனான தாவீதின் மூத்த அண்ணன் எலியாப் இதையேதான் கேட்டான். வனாந்தரத்தில் இருக்கிற அந்தக் கொஞ்ச ஆடுகளை யார் வசத்தில் விட்டாய் என்று. அந்தக் 'கொஞ்ச' என்கிற சொல்லைக் கவனித்தாயா? நீ மேய்ப்பது ஆடு, அதுவும் பெரிய மந்தைகூட இல்லை என்று ஊசி குத்துகிறான். சுற்றிலும் பட்டாளத்து ஆட்கள் வேறு நிற்கிறார்கள். உன் மைக் வயர்க் கதைதான்.

வேதத்தில் அந்தக் கதை வருகிற அதிகாரத்தில் எல்லாரும், தாவீது வீழ்த்தின ராட்சத வீரன் கோலியாத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தில் எலியாப் இப்படிக் கேட்பது 28-ஆம் வசனத்தில். அதற்கு எட்டு வசனம் முன்னாலேயே, தாவீது அதிகாலையில் எழுந்து ஆடுகளைக் காவலாளி வசம் விட்டுவிட்டுக் கிளம்பினான் என்று எழுதியிருக்கிறது. கோலியாத்து கதையைச் சொல்ல அந்த ஒரு வரி தேவையே இல்லை. சண்டைக்களத்துக்கு ஓடுகிற அவசரத்திலும் ஆட்டை அநாதையாக விட்டுவிட்டு வரவில்லை என்பதை, அண்ணன் கேட்பதற்கு முன்பே வேதம் குறித்து வைத்துவிட்டது. அண்ணனுக்குத்தான் அது தெரியவில்லை.

இன்னொன்று. இது நடக்கும்போது தாவீது அபிஷேகம் பெற்றாயிற்று. முந்தின அதிகாரத்திலேயே சாமுவேல் தீர்க்கதரிசி, அடுத்த ராஜா இவன்தான் என்று தைலக்கொம்பை எடுத்து அண்ணன்மார் கண்ணெதிரே அவன் தலையில் வார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவன் எங்கே இருந்தான் தெரியுமா? அப்போதைய ராஜா சவுல் ஆள் அனுப்பி, ஆட்டு மந்தையில் இருக்கிற உன் மகன் தாவீதை என்னிடத்தில் அனுப்பு என்று அப்பா ஈசாயைக் கேட்கிறான். அபிஷேகம் ஆன பையன் மறுபடி ஆட்டுக்கே போய்விட்டான்! அரண்மனையில் சுரமண்டலம் வாசிக்கக் கூப்பிட்ட பிறகும், வீட்டுக்கு வந்து ஆடு மேய்த்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தான். ஏலா பள்ளத்தாக்குக்கு அவன் வந்ததுகூடச் சண்டை போட அல்ல. அப்பா சொன்னார் என்று, அண்ணன்மாருக்கு ஒரு மரக்கால் வறுத்த பயறும் பத்து அப்பமும், அவர்களுடைய அதிபதிக்குப் பத்துப் பால்கட்டியும் தூக்கிக்கொண்டு வந்தான். பெத்லகேமிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. இஸ்ரவேலின் அடுத்த ராஜா கட்டுச்சோறு சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்.

உனக்குள் ஒன்றும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அவனிடம் கேட்டிருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். சிங்கத்தையும் கரடியையும் அடித்த சங்கதியை அவன் சவுலிடம் சொன்ன பிறகுதான் நாமே தெரிந்துகொள்கிறோம். கோலியாத்துக்காக ஆண்டவர் கொடுத்த பயிற்சி அது என்று பிரசங்கத்தில் சொல்லுவார்கள். தப்பில்லை. ஆனால் அவன் பயிற்சி எடுக்கவா சிங்கத்தின் பின்னால் ஓடினான்? அதன் வாயில் ஒரு குட்டி இருந்தது, அதற்காக ஓடினான்.

சரி, எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். தாழ்மையான இன்னொரு வாலிபன் இருந்தான், ராஜா ஆவதற்கு முந்தின அதே சவுல். மற்ற எல்லாரும் அவன் தோளளவுதான், அவ்வளவு உயரம். ஆனாலும், நான் பென்யமீன் கோத்திரத்தான், அது சின்னக் கோத்திரம், அதிலும் எங்கள் குடும்பம் அற்பக் குடும்பம் என்றுதான் சாமுவேலிடம் பேசினான். ராஜாவாகச் சீட்டு விழுந்த அன்று ஆளையே காணோம். தேடினால் தளவாட மூட்டைகளுக்குள் ஒளிந்திருக்கிறான். வாசிக்கிற நமக்கு, அடடா என்ன தாழ்மை என்று தோன்றும். நாலைந்து அதிகாரம் தள்ளிப் போனால் அதே மனிதன், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று சாமுவேலிடம் ஒத்துக்கொள்கிறான். மூட்டைக்குள் ஒளிந்த அன்று எந்தப் பயம் இருந்ததோ, அதுவே கிரீடம் வைத்த பிறகும் கூடவே இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். பாதி தாழ்மை, பாதி நாலு பேர் சிரித்துவிட்டார்களே என்கிற பயம். அந்தப் பயத்துக்காக ராஜினாமா எழுதாதே. பொறுப்பை வைத்துக்கொள்.

பேச்சு வராது என்பதைப் பெரிதாக்க வேண்டாம். மோசேக்கும் அதே குறைதான். ஆண்டவர் அவன் நாக்கை மாற்றவில்லை, ஆரோனைக் கூட அனுப்பினார். உங்கள் ஐக்கியத்தில் வாய் நன்றாக இருக்கிற ஒரு பிள்ளையைத் துணைச் செயலாளராகக் கேட்டு வாங்கு. உனக்கு முன்னால் இருந்தவர் மைக்கில் முழங்குகிறவர் என்றால் அவரைப் போல முழங்கப் பார்க்காதே. சவுலின் கவசத்தைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, இது எனக்குப் பழக்கமில்லை என்று தாவீது கழற்றி வைத்துவிட்டான். உனக்குப் பழக்கமானது வயர், பாய், அண்டா. அதை வைத்துக்கொண்டே ஆரம்பி.

பெரியப்பா மகனிடம் சண்டைக்குப் போகாதே. எலியாபுக்கு தாவீது சொன்ன பதில் ஒரே வரிதான், நான் இப்போது என்ன செய்துவிட்டேன் என்று. அப்புறம் அவனை விட்டுவிட்டு வேறொருவன் பக்கம் திரும்பிக்கொண்டான். நீயும் திரும்பிக்கொள். ஆனால் அவன் கேள்விக்குப் பதில் மட்டும் உன்னிடம் தயாராக இருக்கவேண்டும். வயர் இழுக்க நீ யாரைப் பழக்கி வைத்திருக்கிறாய்? சின்னப் பையன்களில் ஒருவனைக் கூடவே வைத்துச் சொல்லிக்கொடு. காவலாளி இல்லாமல் ஆட்டை விட்டுவிட்டு வராதே.

மூட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. சவுல் ஒளிந்தது தளவாடங்களுக்குள் என்றேன் அல்லவா? தாவீது ஏலா பள்ளத்தாக்குக்கு வந்ததும், கொண்டுவந்த அப்பத்தையும் பயற்றையும் மூட்டை காக்கிறவனிடம் ஒப்படைத்துவிட்டுச் சேனைக்குள் ஓடுகிறான். தமிழில் வேறு வேறு சொல்லாக வந்தாலும் எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் 'கேலீம்' என்கிற ஒரே சொல்தான். ஒருவன் அதற்குள் போய் ஒளிந்தான், ஒருவன் சுமையை அங்கே இறக்கிவிட்டு ஓடினான். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை, அந்தச் சொல் பின்னால் மறுபடி வருகிற ஒரு இடம்.

சவுலுக்குத் தப்பி ஓடி, தாவீது அதற்குள் நன்றாக அடிபட்டிருந்தான். அதுல்லாம் குகையில் அவனைத் தேடி வந்த நானூறு பேர் யார் என்று பார்: ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், முறுமுறுக்கிறவர்கள். அவனுடைய முதல் கமிட்டி அதுதான். (உன் கமிட்டியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.) பிறகு அவர்கள் குடியிருந்த சிக்லாகு ஊரை அமலேக்கியர் கொளுத்திப் பெண்டுபிள்ளைகளைக் கொண்டுபோனபோது, கூட இருந்தவர்களே அவனைக் கல்லெறிய வேண்டும் என்று பேசினார்கள். அறுநூறு பேரோடு துரத்திப் போகிறான். பேசோர் ஆற்றங்கரையில் இருநூறு பேருக்கு மேலே நடக்கத் தெம்பில்லை, மூட்டைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற நானூறு பேர் போய், ஜெயித்து, எல்லாவற்றையும் மீட்டுத் திரும்பும்போது, கரையில் உட்கார்ந்தவனுக்குப் பங்கு கிடையாது, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சிலர் சொன்னார்கள். தாவீது விடவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கு எவ்வளவோ, மூட்டையண்டையில் இருந்தவனுக்கும் அவ்வளவு என்றான். அதையே இஸ்ரவேலில் சட்டமாகவும் ஆக்கிவிட்டான். இங்கே வருகிற மூட்டையும் அதே கேலீம்தான்.

எங்கே கற்றுக்கொண்டான் இதை? அரண்மனையில் கற்றிருப்பான் என்று நான் நம்பவில்லை. கட்டுச்சோறு சுமந்து வந்து, பாளயத்து ஓரத்தில் மூட்டை காக்கிற ஆளின் முகத்தைப் பார்த்து, இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடின பையனுக்குத்தான் அப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியும். ஆண்டவர் எப்படி ஆயத்தப்படுத்துவார் என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பின்னால் நீ யாருக்காகப் பேச வேண்டுமோ, அவர்கள் நடுவில் உன்னை முதலில் வைத்துவிடுகிறார்.

என் கதையைச் சொல்லுகிறேன். பெண்கள் ஐக்கியச் செயலாளராக இருந்த முதல் வருடம், அசனம் முடிந்ததும் நன்றி சொல்ல மைக்கை என் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பேச்சு நன்றாக வரும். அரிசி கொடுத்தவர், ஆடு கொடுத்தவர், பந்தல் போட்டவர் என்று சீட்டைப் பார்த்து ஒரு பெயர் விடாமல் வாசித்தேன். கைதட்டினார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனால், ராத்திரி இரண்டு மணியிலிருந்து உள்ளி உரித்த ஐந்து பெண்கள் சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாவின் விரல் இடுக்கில் இன்னும் உள்ளித் தோல் ஒட்டிக்கிடந்தது. "எங்க பேரு சீட்டுல இல்லையோம்மா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி. நான் ஒரு நாளும் உள்ளி உரித்ததில்லை தம்பி, நேராக மேடைக்குப் போனவள். அதனால் அந்த ஐந்து பேர் என் சீட்டில் இல்லை.

உன் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயர் வீட்டில் பிறந்தவர் அசரியா. அவரும் உன்னைப் போல முதலில் ஒரு செயலாளர்தான், ஒய்.எம்.சி.ஏ.வில். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்ச் சபையார் வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம் திருநெல்வேலிச் சபை அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. 1909-ல் அவரே குருப்பட்டம் பெற்றுக்கொண்டு, அந்தச் சங்கம் வேலை செய்த தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு பேசுகிற ஏழைக் கிராமங்கள். பேராயர் ஆவதற்கு அது வழி என்று கணக்குப் போட்டுப் போயிருக்க முடியாது, ஏனென்றால் ஆங்கிலிக்கன் சபையில் அதுவரை ஒரு இந்தியர்கூடப் பேராயர் ஆனதில்லை. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவருக்குத்தான் அந்த முதல் அபிஷேகம் நடந்தது. அப்போது வயது 38.

அவசரப்படாதே என்பதற்காக வயதைச் சொன்னேன். தாவீது எப்ரோனில் ராஜாவானபோது 30. இஸ்ரவேல் முழுவதும் அவன் கீழ் வர இன்னும் ஏழு வருடம் ஆறு மாதம் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆடு மேய்த்தவன் கடைசிவரை ஒழுங்காக இருப்பான் என்று உத்தரவாதம் இல்லை. படையை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் எருசலேமில் தங்கிவிட்ட நாட்களில்தான் தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் சாகக் கொடுத்தான். அவனைத் திருப்ப ஆண்டவர் நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்பினார். நாத்தான் எடுத்தவுடன் நியாயப்பிரமாணம் பேசவில்லை. ஒரு ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, அவன் கையில் சாப்பிட்டு அவன் மடியில் படுத்திருந்தது, அதை ஒரு பணக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்று கதை சொன்னார். ராஜா துள்ளி எழுந்துவிட்டான். அத்தனை வருடம் கழித்தும் உள்ளே இருந்த அந்த மேய்ப்பன் பையன் செத்திருக்கவில்லை. அவன் வழியாகத்தான் நாத்தான் உள்ளே நுழைந்தார்.

அதனால் செயலாளர் ஆகிவிட்டோம் என்று அண்டா கழுவுவதை நிறுத்திவிடாதே. எல்லா அண்டாவையும் நீயே கழுவவும் வேண்டாம், மற்ற வேலை கெட்டுப்போகும். வருடத்துக்கு ஒரு அண்டாவாவது உன் கையில் இருக்கட்டும். ஐக்கியத்தின் கணக்கு நோட்டை மாதாமாதம் பொருளாளரோடு உட்கார்ந்து முடித்துவிடு. இதில் கூச்சப்படுகிற செயலாளர்தான் பின்னால் மாட்டுவார்.

அடுத்த அசனம் எப்போது வருகிறது என்று எழுதவில்லை நீ. நன்றிச் சீட்டை எப்படியும் செயலாளர்தான் எழுத வேண்டியிருக்கும். உள்ளி உரித்தவர்கள், விறகு தள்ளினவர்கள், இலை எடுத்தவர்கள், உன்னோடு அண்டா கழுவினவர்கள், இவர்கள் பெயரை மேலே எழுது. அரிசியும் ஆடும் கொடுத்தவர்கள் கீழே வரட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாசிக்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட பெயரிலிருந்து மறுபடி வாசி. அந்தப் பையன் வயரைச் சரியாக இழுத்திருந்தால் கொட்டகைக்குப் பின்னால் வரை கேட்கும்.