படத்தில் மெரூன், பார்சலில் சிவப்பு

கேள்வி: நான் உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே பேஸ்புக், வாட்ஸ்அப் மூலம் சாறி விற்கிறேன். களுவாஞ்சிக்குடியில் உள்ள ஒருவர் 8,500 ரூபாய்க்கு ஒரு சாறி எடுத்தார். கூரியர்காரரிடம் காசைக் கொடுத்துத்தான் பார்சலை வாங்கினார். ஆறு நாள் கழித்து, "நீங்கள் காட்டினது மெரூன், வந்தது சிவப்பு, முழுக் காசும் கூரியர் காசும் வேணும்" என்று மெசேஜ் போட்டார். அதற்குள் பிளவுஸ் துண்டை வெட்டித் தைக்கவும் கொடுத்துவிட்டார். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று என் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறேன். தராவிட்டால் பொலிஸில் போடுவேன், குரூப்புகளில் நாறடிப்பேன் என்கிறார். அவருடைய பெயரையும் போன் நம்பரையும் போட்டு மற்ற விற்பனையாளர்களை நான் எச்சரிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், சகோதரி. போடாதீர்கள். பார்சல் அனுப்பத் தந்த விலாசமும் நம்பரும் அந்த வேலைக்கு மட்டுமே தரப்பட்டவை. அவரை ஏமாற்றுக்காரி என்று எழுதினால், இன்று உங்களிடம் நட்டம் கேட்க அவருக்கு இருப்பது ஒரு சாறி மட்டும். நாளைக்கு மானநட்ட வழக்கும் சேர்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டுகளைப் பார்த்தேன். அவர் "இது சரியான மெரூன்தானே அக்கா, கலியாண வீட்டுக்கு" என்று கேட்கிறார். நீங்கள் "ஓம் டியர், டீப் மெரூன்" என்று எழுதி ஒரு இதயமும் போட்டிருக்கிறீர்கள். முழுப் பிரச்சினையும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. இலங்கையின் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விவரணம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது அதில் உள்ள உட்கிடையான நிபந்தனை, அதாவது வாயால் சொல்லாவிட்டாலும் தானாகவே சேர்ந்துவிடும் நிபந்தனை. படமும் விவரணம்தான். அதுவும் உங்கள் படமல்ல, புறக்கோட்டை மொத்தக் கடைக்காரர் அனுப்பியது. நீங்கள் அந்தச் சாறியை வெளிச்சத்தில் விரித்துக்கூடப் பார்க்காமல் "டீப் மெரூன்" என்றிருக்கிறீர்கள். வாங்குபவருக்கு மொத்தக் கடைக்காரர் யாரென்றே தெரியாது. வாக்குக் கொடுத்தவர் நீங்கள்.

"போனில் நிறம் கொஞ்சம் மாறித் தெரியலாம்" என்ற குறிப்பு இருந்திருந்தால் சாயல் வேறுபாட்டுக்கு அது உதவும். மெரூனுக்குப் பதில் சிவப்பு வந்ததற்கு உதவாது. "திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற வரியும் அப்படித்தான். வாங்கியபின் மனம் மாறியவருக்கு நீங்கள் அதைக் காட்டலாம். கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று என்பவரிடம் அதைக் காட்டிப் பயனில்லை.

ஆனால் முழுக் காசையும் கேட்க அவருக்கும் உரிமை குறைவு. கூரியர்காரரிடம் காசு கொடுத்ததால் அவர் பொருளை ஏற்றுக்கொண்டார் என்று ஆகாது. பிரித்துப் பார்க்க நியாயமான அவகாசம் வேண்டும். பிரித்துப் பார்த்தபின், பிடிக்கவில்லை என்று சொல்லாமல் கத்தரிக்கோலை வைத்தாரே, அங்கேதான் நிலைமை மாறுகிறது. சொந்தப் பொருளைப் போல அதை மாற்றிவிட்டால் சட்டத்தின் கண்ணில் ஏற்றுக்கொண்டதாகிவிடும். இனி அவருக்கு மிஞ்சுவது நட்டஈடு கேட்கும் உரிமை: மெரூன் சாறியாக இருந்திருந்தால் உள்ள பெறுமதிக்கும் வந்த சாறியின் பெறுமதிக்கும் இடையிலான வித்தியாசம். இரண்டும் கடையில் ஒரே விலை போகும் துணி என்றால் அது பெரிய தொகையாக வராது.

பொலிஸைப் பற்றிப் பயப்பட அதிகமில்லை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது குற்றம். இது சிவில் தகராறு. கூப்பிட்டால் உரையாடலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழில் பதியக் கேளுங்கள்.

அவர் போகக்கூடிய உண்மையான இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம்; 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். கடை இல்லை, வீட்டில்தானே விற்கிறேன் என்று அங்கே சொல்ல முடியாது. தொழிலாக விற்பவர் வியாபாரிதான். சிறிய தொகைக்கான வழக்கு என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்கு. அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேசமுடியாது. என் தொழிலுக்கு அது நட்டம், உங்களுக்கு நல்லது. வாட்ஸ்அப்பில் பேசியது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆகவே எதையும் அழிக்காதீர்கள், அந்த இதயத்தையும்தான்.

குரூப்பில் எழுதுவார் என்றால் எழுதட்டும். "மெரூன் சொன்னார்கள், சிவப்பு வந்தது" என்பது உண்மை, அதை நீங்கள் தடுக்க முடியாது. இல்லாததை எழுதினால் சிவில் நட்டஈடு கேட்கலாம். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அதனால் அதற்காகப் பொலிஸுக்கு ஓட வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்றே ஒரு மெசேஜ் போடுவேன்: "நிறத்தில் தவறு எங்கள் பக்கம். பிளவுஸ் துண்டு வெட்டியதால் முழுவதையும் திருப்ப இயலாது. சாறியை அனுப்பினால், கூரியர் செலவை நாங்கள் ஏற்று 6,500 ரூபாய் தருகிறோம். வைத்துக்கொள்வதானால் 2,000 ரூபாய் அனுப்புகிறோம். இதோடு விஷயம் முடிகிறது என்று சம்மதித்தால் பதில் தாருங்கள்." தொகையை நீங்கள் கூட்டிக் குறைக்கலாம். சம்மதம் எழுத்தில் வரட்டும். காசைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அதன்பின் புறக்கோட்டைக்காரருக்கு எழுதுங்கள். மெரூன் படத்தைக் காட்டிச் சிவப்பை உங்களுக்கு விற்றவர் அவர். அவரிடம் நீங்களும் வாங்குபவர்தான். அதே 1896ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அதே கட்டில் மிச்சம் உள்ள சாறிகளை ஒன்றையும் விற்காமல், வெட்டாமல், அவர் பதில் தரும்வரை ஒதுக்கி வையுங்கள்.