ஒரு லட்சம் நாற்காலி யாருக்கு?

கேள்வி: அகமதாபாத்தில் 1.32 லட்சம் பேர் உட்காரும் கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கிறது. சென்னையில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நடத்தக் கால்பந்துக்கென்றே கட்டிய ஸ்டேடியம் ஒன்றுகூட இல்லை. ஒரு லட்சம் பேர் உட்காரும்படி அரசே ஒன்று கட்டிவிட்டால் கால்பந்து தானாக வளராதா? மரடோனா பெயரையே வைத்துவிடலாம்!
(வாசகர் ஒருவர், வியாசர்பாடி)

பதில்: தனி ஸ்டேடியம் வேண்டும் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். அந்த ஒரு லட்சத்தில்தான் நமக்குள் தகராறு.

பெரியமேட்டில் இன்று நிற்கும் நேரு ஸ்டேடியம் 1993-ல் வந்தது. அதற்கு முன் அதே இடத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956 கிரிக்கெட் டெஸ்டில் இந்தியாவின் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்தைப் பந்தாடி முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே இடம் என்பது அந்தக் காலத்து வழக்கம். 1993-ல் கிரிக்கெட் போய்விட்டது, ஆனால் கால்பந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் சேர்த்தே கட்டினார்கள். கெடுதல் அங்கேதான்.

எப்படி என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. 400 மீட்டர் டிராக்கில் நேராக ஓடும் பகுதி 84.39 மீட்டர். இரண்டு கோடியிலும் வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஆக, டிராக்குக்கு உள்ளே நீளவாக்கில் 157 மீட்டர் சொச்சம். கால்பந்து ஆடும் இடத்தின் நீளம் 105. மிச்சம் இருக்கும் 52 மீட்டரை இரண்டு கோலுக்கும் பங்கு போட்டால் பக்கத்துக்கு 26. அதற்கு அப்புறம் எட்டு லேன், லேனுக்கு 1.22 மீட்டர், கிட்டத்தட்ட இன்னொரு 10. கோலுக்குப் பின்னால் முதல் வரிசையில் டிக்கெட் வாங்கினாலும் கோல் கோட்டுக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது 36 மீட்டர் வெறுந்தரை! பெனால்டி அடிக்க வருகிறவர் உங்களிடமிருந்து 47 மீட்டர் தள்ளி நிற்கிறார். பின்வரிசைக்காரர் கதையைச் சொல்லவே வேண்டாம்.

டிராக் சுற்றிய ஒரு மைதானத்தில் (எது என்று கேட்காதீர்கள்) கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறேன். வலை ஆடியது. பக்கத்து இருக்கைக்காரர் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தோடு துள்ளி எழுந்தார், பாதி என் மடியில். கோல் இல்லை, பந்து வெளிப்பக்கத்திலிருந்து வலையில் பட்டிருக்கிறது. எதிர்க்கோடியில் இருந்தவர்கள் எழவே இல்லை என்பதைப் பார்த்துத்தான் எங்களுக்கே அது தெரிந்தது.

நீங்கள் கேட்கிற மாதிரியே பெரிதாகக் கட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. இத்தாலியின் டூரின். 1990 உலகக் கோப்பைக்காக அங்கே டெல்லே ஆல்பி என்ற ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். சுமார் 69,000 இருக்கை, சுற்றிலும் டிராக். இங்கிலாந்தை மேற்கு ஜெர்மனி பெனால்டியில் வீழ்த்திய அரையிறுதி, இங்கிலாந்து வீரர் காஸ்காயின் கண் கலங்கிய ஆட்டம், அங்கேதான் நடந்தது. உலகக் கோப்பை முடிந்ததும் அந்த ஊர் அணிகளான யுவென்டஸும் டொரினோவும் அங்கே குடிவந்தன. ரசிகர்களுக்கு இடம் பிடிக்கவே இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறம், ஆட்டமோ எங்கேயோ தூரத்தில். 2001-02 சீசனில் சம்ப்டோரியா அணியுடன் யுவென்டஸ் ஆடிய ஒரு கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 237 பேர். இருநூற்று முப்பத்தேழு! நம் ஊரில் ஒரு சுமாரான காதுகுத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும்.

கடைசியில் யுவென்டஸ் நகராட்சியிடமிருந்து அந்த இடத்தை 99 வருடத்துக்கு எடுத்துக்கொண்டு, 20 வயதுகூட நிரம்பாத அந்த ஸ்டேடியத்தை இடித்தது. அதே இடத்தில் 2011-ல் புதியதைத் திறந்தார்கள். அதில் சுமார் 41,000 இருக்கைதான். இருந்ததைவிட ஏறக்குறைய 28,000 குறைவு. டிராக் கிடையாது, ஆடுகளத்துக்கும் முதல் வரிசைக்கும் 7.5 மீட்டர்தான். அங்கே போன முதல் சீசனிலேயே லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வாங்கினார்கள், தொடர்ந்து ஒன்பது வருடம் விடவில்லை. ஸ்டேடியமே கோல் போட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கார்னர் எடுக்க வருகிற எதிரணிக்காரரின் காதுக்குள் கத்த முடிகிற இடம் அது.

இப்போது உங்கள் ஒரு லட்சத்துக்கு வருவோம். பதின்மூன்று அணிகள் ஆடிய 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் கிடைத்த லீக் ஆட்டங்கள் 12. மீதி 353 நாளும் அந்த ஒரு லட்சம் நாற்காலியைத் துடைக்க யார் சம்பளம் கொடுப்பது? அந்த 12 ஆட்டத்துக்காவது உத்தரவாதம் உண்டா? 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துடனான ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று சொல்லி லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். ஆட ஆள் இருப்பது நிச்சயமாகாத வீட்டுக்கு எத்தனை மாடி என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை கோப்பை வாங்கிய அணி. அதற்கு நேரு ஸ்டேடியத்தின் 40,000 இருக்கையும் நிரம்பி வழிந்த நாட்களை நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் 15,000, மிஞ்சிப் போனால் 20,000. கூட்டம் கூடினால் மேலே ஒரு அடுக்கு ஏற்றிக்கொள்ளும்படி அஸ்திவாரத்தை மட்டும் இப்போதே பலமாகப் போட்டுவிடலாம். செங்குத்தான படிகள், மழைக்கு நனையாத கூரை. ரயிலிலோ மெட்ரோவிலோ இறங்கி நடந்தே போகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிய இரவு பத்தாகிவிடும், ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால் இரண்டாவது முறை எவனும் வரமாட்டான். இந்த விஷயத்தில் பெரியமேட்டைக் குறை சொல்ல முடியாது, சென்ட்ரலில் இறங்கினால் நடை தூரம். அங்கே இருக்கிற டிராக்கையும் யாரும் தொட வேண்டாம், ஓடுகிற பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் ஏது?

'தானாக வளராதா' என்கிறீர்கள். வியாசர்பாடிக்காரர் இப்படிக் கேட்கலாமா? உங்கள் பேட்டையில் கால்பந்து வளர்ந்தது எந்த ஸ்டேடியத்தைப் பார்த்து?

மரடோனா பெயரைத் தாராளமாக வையுங்கள். 1990-ல் பிரேசிலின் நான்கு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அர்ஜென்டினா அணியின் சகா கனிஜியாவுக்கு ஒரு பந்தைத் தள்ளினாரே, அந்த ஒரு கோலில் பிரேசில் ஊருக்குக் கிளம்பியதே, அதுவும் டெல்லே ஆல்பியில்தான். அந்தப் புல்தரையும் இப்போது இல்லை.